எதிரியின் நோட்டுப் புத்தகத்தில் ஒரு பெயர்

மொட்டை மாடியின் மூலையில் ஒரு நீண்ட குழாய். அதன் உச்சியில் மீன் முள்ளைப் போலக் குறுக்குக் கம்பிகள்.

1975-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி சென்னையில் டெலிவிஷன் ஒளிபரப்பு தொடங்கியது. அதற்குப் பிறகுதான் இந்த மீன்முள் கம்பி தமிழ்நாட்டு வீடுகளின் தலையில் ஏறியது. 1982-ல் இலங்கையில் ரூபவாகினி வந்தது. உடனே நம்முடைய கடற்கரை ஊர்களில் போட்டி போட்டுக்கொண்டு உயரமான குழாய்களை நட்டார்கள். கடல் கடந்து வரும் படத்தைப் பிடிக்கத்தான் இந்தப் பாடு!

பிறகு கேபிள் வந்தது. டிஷ் வந்தது. மீன்முள் கம்பிகள் பெரும்பாலும் இறங்கிவிட்டன.

அந்தக் கம்பிக்கு யாகி ஆன்டெனா என்று பெயர். யாகி என்பது கம்பெனியின் பெயர் என்று நினைத்தவர்கள் உண்டு. அது ஒரு மனிதரின் பெயர். அவர் ஜப்பான் நாட்டு விஞ்ஞானி. அவர் செய்த பொருளின் அருமையை அவருடைய சொந்த நாட்டுப் பட்டாளமே அறியவில்லை. யுத்தத்தின் நடுவில், எதிரி சொல்லித்தான் தெரிந்துகொண்டது!

எட்டு மரம்

ஹிடெட்சுகு யாகி 1886-ம் ஆண்டு ஜனவரி 28-ந் தேதி ஒசாகா நகரில் பிறந்தார். ஜப்பானிய எழுத்தில் யாகி என்ற பெயரை எழுதினால், எட்டு மரம் என்று பொருள்படும்.

1909-ல் டோக்கியோ சர்வகலாசாலையில் மின்சாரப் பொறியியல் படித்துத் தேறினார். வடக்கே சென்டாய் என்ற நகரில் ஆசிரியர் வேலை கிடைத்தது. கெட்டிக்கார ஆசிரியர் என்று பெயர் எடுத்தார். மேல்படிப்புக்காக 1913-ல் சர்க்கார் அவரை வெளிநாடு அனுப்பியது.

முதலில் ஜெர்மனி. டிரெஸ்டன் நகரில் பார்க்ஹாசன் என்ற பேராசிரியரிடம் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்திக்கு வேண்டிய மின் அலைகளை உண்டாக்குவது எப்படி என்று அங்கே படித்தார்.

1914-ல் விடுமுறைக்காக ஸ்விட்சர்லாந்து போயிருந்தார். அப்போது முதல் உலக யுத்தம் மூண்டது. ஜப்பானும் ஜெர்மனியும் எதிரி நாடுகள் ஆகிவிட்டன. இனி டிரெஸ்டனுக்குத் திரும்ப முடியாது.

வேறொருவராக இருந்தால் ஊருக்குக் கப்பல் ஏறியிருப்பார். யாகி லண்டனுக்குப் போனார். ரேடியோ வால்வைக் கண்டுபிடித்த பிளெமிங்கிடம் மாணவராகச் சேர்ந்தார். அதன் பிறகு அமெரிக்கா போய் ஹார்வர்டு சர்வகலாசாலையில் படித்தார். யுத்தம் அவருடைய படிப்பைக் கெடுக்கவில்லை. ஒரு குருவுக்கு மூன்று குருவாகக் கொடுத்தது!

ஊர் திரும்பியவர் சென்டாயில் உள்ள டொஹோக்கு சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆனார்.

கம்பி செய்த விந்தை

அந்தக் காலத்தில் ரேடியோ நிலையங்கள் நீண்ட அலைகளைப் பயன்படுத்தின. ஓர் அலையின் நீளமே பல நூறு அடி இருக்கும். அதற்கேற்ற ஏரியலும் பிரம்மாண்டமாக இருந்தது. சில அடி நீளமே உள்ள சிற்றலைகளை யாரும் பெரிதாக மதிக்கவில்லை.

யாகி மதித்தார். நாளைக்குச் செய்தி போகப்போவது சிற்றலையில்தான் என்று நம்பினார். சென்டாயில் இருந்த ஓர் அறநிலையம் ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்தது. மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வேலையில் இறங்கினார்.

ஒருநாள் மாணவர் ஒருவர் வளையமாக வளைத்த கம்பியை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உலோகப் பொருள் இருந்தால் அலையின் போக்கு மாறுவது தெரிந்தது. இப்படிப்பட்ட கோளாறு வந்தால் பலர் அந்த உலோகத்தை அப்புறப்படுத்திவிட்டுச் சோதனையைத் தொடருவார்கள். யாகி அந்தக் கோளாறையே பிடித்துக்கொண்டார்.

அதை அக்கு வேறு ஆணி வேறாக ஆராயும் பொறுப்பு ஓர் இளைஞரிடம் வந்தது. அவர் பெயர் ஷின்டாரோ உதா. 1896-ல் பிறந்தவர். 1924-ல் பட்டம் பெற்று யாகியிடமே உதவியாளராகச் சேர்ந்தவர்.

உதா ஒரு கம்பியை நட்டு அலையை அனுப்பினார். அலையின் நீளம் சுமார் 4.4 மீட்டர். அந்தக் கம்பிக்குப் பின்னால் சற்றே நீளமான இன்னொரு கம்பியை நட்டார். அலை பின்னால் போகாமல் முன்னால் திரும்பியது! பிறகு முன்னால் சற்றே குட்டையான கம்பிகளை வரிசையாக நட்டார். அலை அந்த வரிசையோடு ஒட்டிக்கொண்டு ஒரே திசையில் பாய்ந்தது.

எத்தனை கம்பி, எவ்வளவு நீளம், எவ்வளவு இடைவெளி என்று மாற்றி மாற்றி அளந்தார். அளந்ததையெல்லாம் கட்டுரை கட்டுரையாக எழுதினார்.

டார்ச் விளக்கை எல்லோரும் பார்த்திருப்போம். பல்பு சிறியது. அதன் பின்னால் பளபளப்பான கிண்ணம் இருப்பதால்தான் வெளிச்சம் ஒரே பக்கம் பாய்கிறது. அந்தக் கிண்ணத்தின் வேலையைத்தான் பின்னால் உள்ள நீளக் கம்பி செய்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. டெலிவிஷன் பெட்டிக்கு வரும் ஒயர் ஒரே ஒரு கம்பியில்தான் கட்டப்பட்டிருக்கும். மற்றக் கம்பிகளில் ஒயரே கிடையாது. சும்மா நிற்பது போலத் தோன்றும். ஆனால் அவையும் அலையை வாங்கி, உடனே திருப்பி வெளியிடுகின்றன. அந்தச் சிற்றலைகள் எல்லாம் நடுக்கம்பியில் வந்து ஒன்றுசேர்கின்றன. சேரும்படி நீளத்தையும் இடைவெளியையும் கணக்காக வைப்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

1925 டிசம்பரில் யாகி காப்புரிமைக்கு மனுப் போட்டார். 1926-ல் உரிமை கிடைத்தது. அதில் யாகியின் பெயர் மட்டுமே இருந்தது. உதாவின் பெயர் இல்லை!

வெளியூரில் கொண்டாட்டம்

1928-ல் யாகி அமெரிக்கா சென்றார். பல ஊர்களில் பேசினார். ஆங்கிலத்தில் ஒரு பெரிய கட்டுரையும் வெளியிட்டார். உதாவின் உழைப்பை அந்தக் கட்டுரையில் மறைக்காமல் குறிப்பிட்டார். அதற்காக அவரைப் பாராட்டலாம். ஆனால் ஆங்கிலம் படித்தவர்கள் கட்டுரையின் தலைப்பில் இருந்த ஒரே பெயரைத்தான் மனதில் வைத்துக்கொண்டார்கள். உதா எழுதியதெல்லாம் ஜப்பானிய மொழியில் இருந்தது. அதை வெளிநாட்டில் யார் படிப்பார்கள்? கம்பிக்கு யாகி என்ற பெயரே நிலைத்துவிட்டது.

மேல்நாட்டுக் கம்பெனிகள் தாமதம் செய்யவில்லை. அமெரிக்கக் காப்புரிமை 1932-ல் கிடைத்தது. அது ஆர்.சி.ஏ. கம்பெனியின் கைக்குப் போயிற்று.

சொந்த நாட்டிலோ கேட்பார் இல்லை. கடற்கரை ஊரான சகாட்டாவுக்கும் டொபிஷிமா தீவுக்கும் இடையே டெலிபோன் பேச உதாவின் கம்பிகள் உதவின. அதைத் தாண்டி அதிகம் நடக்கவில்லை. பட்டாளத்தார் அந்தப் பக்கமே திரும்பவில்லை. அலையை வெளியே அனுப்பி எதிரியைத் தேடுவது, இருட்டில் விளக்கை ஏந்திக்கொண்டு நடப்பதைப் போன்றது என்று கடற்படையில் பலர் கருதினார்கள். நாம் எங்கே இருக்கிறோம் என்பதை அது எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடுமாம்!

1941-ல் காப்புரிமையின் காலம் முடிந்தது. நீட்டித்துத் தரும்படி யாகி மனுச் செய்தார். இது முக்கியமான கண்டுபிடிப்பு அல்ல என்று சொல்லி அதிகாரிகள் மறுத்துவிட்டார்கள். அதே வருஷம் டிசம்பரில் ஜப்பான் மகா யுத்தத்தில் குதித்தது.

சிங்கப்பூரில் அகப்பட்ட நோட்டு

1942-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசம் விழுந்தது. பிரிட்டிஷார் விட்டுப்போன ஆயுதங்களை ஜப்பானிய அதிகாரிகள் சோதித்தார்கள். அவற்றில் ரேடார் கருவிகளும் இருந்தன. ஆகாய விமானத்தின் மேல் சர்ச் லைட்டைத் திருப்ப உதவும் கருவி அது.

கருவியோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கிடைத்தது. ரேடாரில் வேலை பார்த்த பிரிட்டிஷ் சிப்பாய் ஒருவர் கைப்பட எழுதிய பாடக் குறிப்பு அது. பக்கத்துக்குப் பக்கம் படம். பக்கத்துக்குப் பக்கம் ஒரு சொல். யாகி!

மொழிபெயர்க்க உட்கார்ந்தவர்களுக்கு அந்தச் சொல் புரியவில்லை. ஆங்கில அகராதியில் இல்லை. எப்படி உச்சரிப்பது என்பதே தெரியவில்லை. ஏதோ சங்கேத வார்த்தையாக இருக்கும் என்று சந்தேகப்பட்டார்கள்.

கடைசியில் எழுதிய சிப்பாயையே கைதிகளின் நடுவே தேடிப் பிடித்து விசாரித்தார்கள். அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. இந்த ஏரியலைக் கண்டுபிடித்த ஜப்பானியப் பேராசிரியரின் பெயர்தான் அது; உங்களுக்குத் தெரியாதா என்ற பொருளில் பதில் சொன்னார்.

விசாரித்த அதிகாரிகளின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கலாம்.

அதற்குள் பிரிட்டனும் அமெரிக்காவும் வெகுதூரம் போய்விட்டன. இரவில் பறக்கும் விமானத்தின் முகப்பில் யாகி கம்பி இருந்தது. நீர்மூழ்கிக் கப்பலைத் தேடும் விமானத்தின் இறக்கையிலும் இருந்தது.

இன்னும் ஓர் இடத்தில் இருந்தது. அதைச் சொல்லவே மனம் கூசுகிறது. 1945 ஆகஸ்டு 6-ந் தேதி ஹிரோஷிமாவிலும், 9-ந் தேதி நாகசாகியிலும் விழுந்த அணுகுண்டுகளில் சிறிய ரேடார்கள் இருந்தன. தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து, குண்டைச் சுமார் 1,600 முதல் 1,900 அடி உயரத்திலேயே வெடிக்கச் செய்ய அவை உதவின. அந்த ரேடார்களின் ஏரியல் யாகி கம்பிதான்! சென்டாய் சோதனைச் சாலையில் பிறந்த பொருள், இருபது வருஷத்தில் இப்படித் தாய்நாடு திரும்பியது.

மன்னிப்புக் கேட்டார்

யுத்தக் காலத்தில் யாகி என்ன செய்துகொண்டிருந்தார்?

அவர் 1933-லேயே சென்டாயை விட்டு ஒசாகா சர்வகலாசாலைக்குப் போய்விட்டார். அங்கே பௌதிகப் பகுதியின் தலைவராக இருந்தார். அவரிடம் யுகாவா என்ற இளைஞர் வேலை பார்த்தார். கூச்ச சுபாவம் உள்ளவர். எப்போதும் யோசனையில் இருப்பார், எழுதமாட்டார். யாகி அவரைக் கூப்பிட்டு ஒரு கட்டுரைகூட எழுதவில்லையே என்று கடிந்துகொண்டார். யுகாவாவுக்கு அது உறைத்தது. 1935-ல் அவர் வெளியிட்ட கட்டுரைக்குத்தான் 1949-ல் நோபல் பரிசு கிடைத்தது. நோபல் பரிசு பெற்ற முதல் ஜப்பானியர் யுகாவாதான். ஆசிரியர் கொடுத்த ஏச்சு வீண் போகவில்லை!

1942-ல் டோக்கியோ தொழில் நுட்பக் கல்லூரிக்கு யாகி தலைவர் ஆனார். 1944 டிசம்பரில் சர்க்காரின் தொழில் நுட்ப இலாகாவுக்கே தலைமை அதிகாரி ஆக்கினார்கள். அதற்குள் ஜப்பான் தோற்றுக்கொண்டிருந்தது. இளைஞர்கள் விமானத்தோடு போய் எதிரிக் கப்பலில் மோதிச் செத்துக்கொண்டிருந்தார்கள்.

1945 தொடக்கத்தில் பார்லிமெண்டில் யாகியிடம் இதைப் பற்றிக் கேள்வி வந்தது. வீராவேசமாக அவர் பதில் சொல்லவில்லை. ஓட்டுபவர் சாகாமலே குறி தவறாத ஆயுதத்தை உண்டாக்கித் தருவது விஞ்ஞானிகளின் கடமை. அதைச் செய்யும் முன்பே பிள்ளைகளைச் சாக அனுப்ப நேர்ந்துவிட்டது. அதற்காக வருந்தி மன்னிப்புக் கேட்கிறேன் என்ற கருத்தில் பேசினார். அந்த நேரத்தில், அந்த நாட்டில், அப்படிப் பேச நெஞ்சுரம் வேண்டும்.

அதே சமயம் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. அவரும் யுத்தத்துக்காக வேலை செய்த அதிகாரிதான். யுத்தம் முடிந்ததும் 1946-ல் ஒசாகா சர்வகலாசாலையின் தலைவர் ஆனார். யுத்த சர்க்காரில் பதவி வகித்தவர் என்பதால் வெற்றி பெற்ற அமெரிக்கர்கள் அதே ஆண்டில் அவரை விலக்கிவிட்டார்கள்.

கூரைக்கு வந்தது

ரேடாரில் இருந்த கம்பி வீட்டுக் கூரைக்கு வந்தது டெலிவிஷனால்தான்.

ஜப்பானில் 1953 பிப்ரவரியில் டெலிவிஷன் தொடங்கியது. அதற்கு ஒரு வருஷம் முன்பே, 1952-ல், யாகி தன் பெயரில் ஆன்டெனா கம்பெனி ஆரம்பித்திருந்தார். வயது 66! இந்தத் தடவை அவர் பிந்தவில்லை.

டெலிவிஷனுக்கு இந்தக் கம்பி ஏன் இவ்வளவு பொருத்தம்? டெலிவிஷன் அலை சிற்றலை. விநாடிக்கு 20 கோடி முறை துடிக்கும் அலையின் நீளம் ஒன்றரை மீட்டர். அதில் பாதி, அதாவது முக்கால் மீட்டர் நீளமுள்ள கம்பி அந்த அலையைப் பிடிக்கும். இந்த நீளம் ஒரு வீட்டுக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு மாடி ஏறக்கூடிய அளவுதானே?

ஆனால் அது டார்ச் விளக்கைப் போலத் திசை பார்க்கும். குட்டைக் கம்பி உள்ள முனை ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நிற்க வேண்டும். நீளக் கம்பி பின்னால் இருக்க வேண்டும். காற்றில் சற்றுத் திரும்பிவிட்டால் படத்தில் புள்ளி புள்ளியாக விழும். அப்போது வீட்டுப் பையன் மாடி ஏறிக் குழாயைத் திருப்புவான். படம் தெரிகிறதா என்று மேலிருந்து கத்துவான். கூடத்தில் இருப்பவர் வாசலில் நிற்பவரிடம் சொல்ல, அவர் அண்ணாந்து பையனுக்குச் சொல்ல, அதற்குள் அவன் சரியான இடத்தைத் தாண்டித் திருப்பியிருப்பான்!

உயரமும் முக்கியம். இந்த அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். மலையோ பெரிய கட்டடமோ மறித்தால் பலம் குறையும். அதனால்தான் கம்பியைப் பத்தடி உயர்த்தியதும் பல வீடுகளில் படம் பளிச்சென்று தெளிந்தது.

சில வீடுகளில் ஓர் உருவத்துக்குப் பக்கத்தில் அதன் நிழல் போல இன்னோர் உருவம் தெரியும். நேராக வரும் அலையோடு, கட்டடத்தில் பட்டுத் திரும்பிய அலையும் சற்றுப் பின்னால் வந்து சேருவதுதான் காரணம். இதற்கு உயரம் மட்டும் போதாது. திசையைக் கொஞ்சம் மாற்றி, திரும்பி வரும் அலை கம்பியின் காதில் விழாதபடி செய்ய வேண்டும்.

கம்பிகள் படுக்கையாக இருக்க வேண்டுமா, செங்குத்தாக நிற்க வேண்டுமா என்பதும் நிலையத்தைப் பொறுத்தது. நிலையம் படுக்கையாக அனுப்பினால் வீட்டிலும் படுக்கையாக வைக்க வேண்டும்.

படம் மங்கினால் கம்பியில் பாத்திர மூடியைக் கட்டியவர்கள் உண்டு. தற்செயலாகப் பலித்ததும் உண்டு. ஆனால் பெரும்பாலும் குற்றம் வேறு இடத்தில் இருக்கும். ஒயர் சேரும் திருகில் துரு பிடித்திருக்கும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இந்த வேலையைச் சீக்கிரம் செய்துவிடும். துருவைச் சுரண்டி இறுக்கினாலே பாதிக் கோளாறு தீர்ந்தது.

பூஸ்டர் வாங்கியவர்கள் அதை டெலிவிஷன் பெட்டிக்குப் பக்கத்தில் வைப்பதை விட, மேலே கம்பிக்குப் பக்கத்தில் வைத்தால் பலன் அதிகம். நீண்ட ஒயரில் இறங்கும்போதே அலை பாதி இளைத்துவிடுகிறது. இளைத்த பிறகு பெருக்கினால் படத்தோடு இரைச்சலும் சேர்ந்து பெருகும்.

கம்பிகளின் நீளமும் இடைவெளியும், டிரான்சிஸ்டரும் கம்ப்யூட்டரும் இல்லாத காலத்தில் உதா அளந்து எழுதிய கணக்கிலிருந்து வந்தவை. கம்பியின் நீளத்தைச் சற்று மாற்றினால் திசைக்கூர்மை எப்படி மாறும் என்று அவர் பொறுமையாக எழுதி வைத்திருந்தார்.

டில்லிக்கு வந்த உதா

யாகிக்கு மரியாதைகள் குவிந்தன. 1953-ல் பார்லிமெண்ட் மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1956-ல் ஜப்பானின் உயர்ந்த விருதான கலாசார விருது கிடைத்தது.

உதா என்ன ஆனார்? அவர் நம் நாட்டுக்கு வந்தார்!

1955-ல் யுனெஸ்கோ அவரை டில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆராய்ச்சிச் சாலைக்கு நிபுணராக அனுப்பியது. அப்போது அதன் தலைவராக இருந்தவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். சர் சி.வி.ராமனோடு சேர்ந்து ராமன் விளைவு ஆராய்ச்சியில் உழைத்தவர். அந்த ஆராய்ச்சியின் பெயரிலும் கிருஷ்ணன் பெயர் இல்லை! ஆசிரியரின் பெயரால் புகழ் பெற்ற கண்டுபிடிப்புகளில் பங்குகொண்ட இருவர், மூன்று வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சிற்றலை ஆராய்ச்சிக்கு இந்திய இளைஞர்களைப் பழக்கிவிட்டு 1958-ல் உதா ஊர் திரும்பினார்.

யாகி உதாவின் பெயரைத் திருடினார் என்று சொல்வது நியாயம் ஆகாது. வழி காட்டியவர் யாகி. சிற்றலையை யாரும் மதிக்காத நாளில் நம்பியவர் அவர். ஆனாலும் காப்புரிமைக் காகிதத்தில் இன்னொரு பெயரை எழுத எவ்வளவு மை செலவாகியிருக்கும்?

1976-ம் ஆண்டு ஜனவரி 19-ந் தேதி யாகி டோக்கியோவில் காலமானார். 90-வது பிறந்த நாளுக்கு 9 நாட்களே இருந்தன. சென்னையில் டெலிவிஷன் வந்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டு 18-ந் தேதி உதாவும் காலமானார்.

பொறியியல் பாடப் புத்தகங்களில் இப்போது யாகி-உதா ஆன்டெனா என்றே எழுதுகிறார்கள். கடைகளில் யாகி என்று கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். 1995-ல் உலக மின்பொறியாளர் சங்கம் டொஹோக்கு சர்வகலாசாலையில் ஒரு நினைவுப் பலகை வைத்தது. அதில் இருவர் பெயரும் இருக்கின்றன. யாகி பெயருக்கு முன்னால் பேராசிரியர் என்று இருக்கிறது. உதா பெயருக்கு முன்னால் அவருடைய உதவியாளர் என்று இருக்கிறது.